ஆய்வுக் கணினியை வேலை கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் குமரி மாவட்டக் கல்லூரிகளில் அறிவியல் ஆய்வு செய்பவர்கள் இப்போது ஆய்வகத்தில் தாங்களே எடுக்கும் அளவுகளை மட்டும் நம்பியிருப்பதில்லை. செயற்கைக்கோள் படங்கள், உலகளாவிய வானிலைத் தொகுப்புகள், குளக்கரையிலும் மலையோரத்திலும் வைக்கப்படும் ஒலிப்பதிவுக் கருவிகள் தரும் கோப்புகள் என நூற்றுக்கணக்கான ஜிகாபைட் தரவுகளைக் கையாள வேண்டியிருக்கிறது. அதற்கென்று ஆய்வு நிதியிலிருந்து தனியாக ஒரு கணினி வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு வாங்கப்படும் கணினிகள், செய்யவேண்டிய வேலையை அளந்து பார்த்து அமைக்கப்படாமல், விலைப்புள்ளியில் எழுதியிருக்கும் செயலியின் (பிராசசர்) பெயரையும் அடியில் உள்ள தொகையையும் மட்டும் பார்த்து வாங்கப்படுகின்றன. இந்த வழக்கத்தை எப்படி மாற்றலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கல்லூரி நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கல்லூரிக் கணினி ஆய்வகம் ஒன்றின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன், ஆய்வு மாணவர்களுக்காகப் பாகங்களைத் தேர்ந்து கணினி அசெம்பிள் செய்து கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலரிப்பை எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டிய இடத்தில் மணல் சேர்ந்ததா, அதனால் அடுத்த ஊரின் கரை அரிக்கப்பட்டதா என்பது தேங்காய்ப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் எப்போதும் கேட்கப்படும் கேள்வி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுத்துவரும் படங்கள் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு முதுகலை மாணவரே முயலலாம். அதில் ஒரு படத்துண்டு என்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஒரு வண்ணத்துக்கு 10,980 பெருக்கல் 10,980, அதாவது 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் அதில் உள்ளன. டிஸ்க்கில் இருக்கும்போது ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் போதும். மாணவர் எழுதிய நிரல் அதைத் திறந்து கணக்குப் போடத் தொடங்கியதும் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் எட்டு பைட்டாக விரிந்துவிடுகிறது. 24 கோடி பைட்டாக இருந்தது 96 கோடி பைட்டாகிறது. நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய நான்கையும் சேர்த்தால் ஒரே நாளின் படம் கிட்டத்தட்ட 4 ஜிகாபைட். மேகமில்லாத 20 நாள்களின் படங்களை ஒன்றாக அடுக்கினால் 77 ஜிகாபைட். 16 ஜிகாபைட் ராம் (கணக்கு ஓடும்போது தரவு இருக்கும் நினைவகம்) உள்ள கணினியில் மாலையில் நிரலை ஓடவிட்டுப் போன மாணவர், மறுநாள் காலையில் வந்து பார்க்கும்போது லினக்ஸ் திரையில் ‘கில்டு’ (கொல்லப்பட்டது) என்று ஒற்றைச் சொல் நிற்கும். நினைவகம் தீர்ந்துபோனதால் இயங்குதளமே அந்த நிரலை நடுவழியில் நிறுத்தியிருக்கிறது.

உடனே எழுகிற கோரிக்கை, பெரிய கணினி வாங்கித் தாருங்கள் என்பதுதான். ஆனால் நம் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,670 சதுர கிலோமீட்டர். ஒரு படத்துண்டின் பரப்போ 12,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கடலரிப்பை ஆராய்பவருக்கு அதிலும் கரையை ஒட்டிய ஒரு பட்டைதான் தேவை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டர் அகலம் வைத்தாலும் 140 சதுர கிலோமீட்டர், அதாவது 14 லட்சம் புள்ளிகள். முழுத் துண்டில் எண்பதில் ஒரு பங்குகூட அது வராது. தேவையான பட்டையை மட்டும் வெட்டியெடுத்து, எட்டு பைட்டுக்குப் பதிலாக நான்கு பைட்டில் வைத்துக்கொண்டால், 77 ஜிகாபைட் என்று மிரட்டிய அதே 20 நாள் தரவு அரை ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இந்த வேலைக்குப் புதிய கணினியே வேண்டாம். மாணவரின் கையில் இருக்கும் மடிக்கணினி போதும். லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

எல்லாத் தரவையும் இப்படி வெட்டிச் சுருக்கிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. கள்ளக்கடல் இதற்கு நேர்மாறானது. இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் கரையேறி வரும் அந்த அலைகள், தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்பவை. பழைய கள்ளக்கடல் நிகழ்வுகளை ஆராய விரும்பும் மாணவர் குளச்சலுக்கு முன்னால் உள்ள கடலை மட்டும் வெட்டியெடுத்தால் பயனில்லை; அலை பிறந்த இடமும் அது வந்த வழியும் வேண்டும். ஐரோப்பிய வானிலை மையம் வெளியிடும் ஈஆர்ஏ-5 தொகுப்பில் கடல் அலைகள் அரை பாகைக்கு ஒரு புள்ளியாக, மணிக்கு மணி கணக்கிட்டுத் தரப்படுகின்றன. தெற்கே 60 பாகையிலிருந்து வடக்கே 10 பாகை வரையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 20 முதல் 120 வரையிலும் எடுத்துக்கொண்டால் 28,341 புள்ளிகள். ஓராண்டில் 8,760 மணிநேரம். ஓர் அளவுக்கு நான்கு பைட் என்றால், அலையின் உயரம் மட்டும் ஆண்டுக்கு ஒரு ஜிகாபைட். உயரம், அலைக்காலம், திசை ஆகிய மூன்றையும் 40 ஆண்டுகளுக்கு எடுத்தால் 120 ஜிகாபைட். இதைத் துண்டு துண்டாகப் படித்தும் கணக்கிடலாம் என்றாலும், ஆய்வின் தொடக்கத்தில் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிய கட்டத்தில் முழுத் தரவும் நினைவகத்தில் இருந்தால் ஒரு கேள்விக்கு நொடிகளில் விடை வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருக்க வேண்டும். இந்த மாணவருக்கு 192 ஜிகாபைட் ராம் ஆடம்பரம் அல்ல. இருபத்துநான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பிரிவு) கொண்ட செயலியும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் அவருக்குத் தேவையே இல்லை.

மூன்றாவதாக ஓர் எடுத்துக்காட்டு. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கு வரும் பறவைகளை ஒலியால் கணக்கெடுக்க நினைக்கும் விலங்கியல் மாணவர் கருவிகளை வைத்துவிட்டால், நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் ஒரு கருவி ஒரு நாளில் 8.3 ஜிகாபைட் பதிவு செய்யும். பத்துக் கருவிகள் ஒரு மாதம் ஓடினால் இரண்டரை டெராபைட். நிமிடத்துக்கு ஒரு கோப்பாக வெட்டினால் 4,32,000 கோப்புகள். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக ஆராயப்படுவதால் ராம் அதிகம் வேண்டாம். கோர்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் வேலை உண்டு. டிஸ்க் பெரிதாகவும், நம்பகமாகவும், பிரதி எடுத்து வைக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

ஆக, ஒரே கல்லூரியின் மூன்று மாணவர்களுக்கு மூன்று விதமான கணினி தேவைப்படுகிறது. கொள்முதல் குழுவுக்குப் போகும் தாளிலோ மூவருக்கும் ஒரே வாசகம்தான் இருக்கும்: உயர்திறன் பணிநிலையம், ஐ9 அல்லது அதற்கு இணையான செயலி, 32 ஜிகாபைட் ராம், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டுடன். மூன்று கடைகளிலிருந்து கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்னவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. செயலியின் பெயர் தாளில் எழுதப்பட்டிருப்பதால் கடைக்காரர் அதை மாற்ற முடியாது. எனவே தாளில் எழுதப்படாத மதர்போர்டிலும், பவர் சப்ளையிலும், எஸ்எஸ்டி எனும் சில்லு வகை டிஸ்க்கின் தரத்திலும் கைவைத்து விலையைக் குறைக்கிறார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு செயலிகள் பொருத்திய, பெயர்பெற்ற நிறுவனத்தின் உயர்விலைக் கணினி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. அதைவிட மலிவான கணினி வேகமாக ஓடுகிறதே என்று வருத்தப்பட்டுத்தான் அழைத்திருந்தார்கள். பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது செயலிக்கு ஒன்றாக இரண்டே ராம் பலகைகள் இருந்தன. இருபுறமும் கறுப்பு, வெள்ளை வண்ணங்களில் வெற்றுச் செருகிடங்கள் வரிசையாகத் தெரிந்தன. அந்தச் செயலி ஒவ்வொன்றுக்கும் எட்டு நினைவகத் தடங்கள், அதாவது ராமுக்கும் செயலிக்கும் இடையே தரவு சென்றுவரும் வழிகள், உண்டு. டிடிஆர்-4 வகை ராமில் 3200 வேகமுள்ள ஒரு தடம் நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை கொண்டுசெல்லும். எட்டுத் தடங்களிலும் பலகை இருந்தால் அது 200ஐத் தாண்டும். எட்டில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு விரைவாக வேலை செய் என்றால் செயலி என்ன செய்யும்? பேச்சிப்பாறை அணை நிறைந்து கிடந்தாலும் மடை திறக்கும் அளவுக்குத்தான் கால்வாயில் தண்ணீர் வரும். மொத்தக் கொள்ளளவை ஒரே பலகையில் வாங்காமல் எட்டுச் சிறிய பலகைகளாக வாங்கியிருந்தால் செலவு பெரிதாகக் கூடியிருக்காது. பெரிய தரவுகளோடு செய்யும் கணக்குகளில் பெரும்பாலானவை கூட்டல், கழித்தல், சராசரி போன்ற எளிய கணக்குகளே. அவற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது செயலியின் ஆற்றலைவிடத் தரவு அதனிடம் வந்துசேரும் வேகம்தான்.

சாதாரண மேசைக் கணினிகளில் நிலைமை வேறு. அவற்றில் இரண்டு தடங்கள் மட்டுமே உண்டு. நான்கு பலகைகளைச் செருகினால் கொள்ளளவு கூடும், வேகம் குறையும். ஏஎம்டி நிறுவனம் ரைசன் 7000 வரிசைக்குத் தந்திருக்கும் குறிப்பிலேயே இரண்டு பலகைகளுக்கு வேகம் 5200 என்றும், நான்கு பலகைகளுக்கு 3600 என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிறிய பலகைகளை வாங்குவதைவிட, முதலிலேயே இரண்டு பெரிய பலகைகளாக வாங்குவது நல்லது. முந்தைய பத்தியில் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை, தடங்கள் எத்தனை என்று பார்த்து அத்தனைப் பலகைகள் வாங்க வேண்டும் என்பதே இரண்டு இடத்திலும் விதி.

கோர்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஜீன் ஆம்டால் 1967இலேயே சுட்டிக்காட்டியது இது: ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியாமல் ஒரே கோர்தான் செய்ய வேண்டும் என்றால், 16 கோர்கள் இருந்தாலும் வேகம் 6.4 மடங்குதான் கூடும். 32 கோர்களாக இரட்டித்தால் 7.8 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர்களைப் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பறவை ஒலிகளைப் போலக் கோப்புக்குக் கோப்பு தனித்த வேலைகளுக்குக் கோர்கள் பயன்படும். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் கணக்குகளுக்கு ஒற்றைக் கோரின் வேகமே முக்கியம். எந்த வகை என்பது நிரல் எழுதிய மாணவருக்குத் தெரியும். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்களுக்கு அது அவசியம். அவர்களும் கார்டில் உள்ள நினைவகம் எவ்வளவு என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு, அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டுக்காக எழுதப்படவில்லை என்றால், அது படம் காட்டும் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யப்போவதில்லை. விளையாட்டுக்கான என்விடியா கார்டுகளின் அண்மைத் தலைமுறைகளில் எட்டு பைட் துல்லியக் கணக்குகளின் வேகம் நான்கு பைட் கணக்குகளின் வேகத்தில் 64இல் ஒரு பங்கு மட்டுமே என்பதை இயற்பியல் துறையினர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிப் பக்கச்சுவரும் நிறம் மாறும் விளக்குகளும் கொண்ட கேபினட்டை ஆய்வகத்தில் பார்க்கும்போதெல்லாம், அந்த விளக்குக்குக் கொடுத்த பணத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வந்திருக்குமே என்று நினைத்துக்கொள்வேன்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, ஒரு டெராபைட் தரவை ஒருமுறை தொடர்ச்சியாகப் படிக்க ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றேகால் மணிநேரத்துக்கும் மேலாகும். பழைய இணைப்பான சாட்டா வகை எஸ்எஸ்டிக்கு அரை மணி. அதைவிட வேகமான இணைப்புள்ள என்விஎம்இ வகைக்கு இரண்டரை நிமிடம். விளம்பரத்தில் சொல்லும் வேகம் எழுதும்போது நெடுநேரம் நிலைக்காது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் வேகமாக எழுதுவதற்கென ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். எனவே கணக்கு ஓடும்போது தரவு இருக்க நல்ல என்விஎம்இ ஒன்றும், மூலத் தரவைச் சேமிக்கப் பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டும், கல்லூரிக்கு வெளியே வேறோரிடத்தில் ஒரு பிரதியும் வேண்டும். இரண்டு டிஸ்க்கை, இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும் ரெய்டு முறையில் இணைத்துவிட்டால் பிரதி எடுத்ததாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெய்டு, டிஸ்க் பழுதாவதிலிருந்து காப்பாற்றும். மாணவர் தவறுதலாக அழித்துவிட்ட கோப்புறையை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழித்துவிடும்.

பிழை திருத்தும் வசதியுள்ள இசிசி ராம் வாங்க வேண்டுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான ராம் பலகைகளில் பிழை ஏற்பட்டது தெரியவந்தது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் எங்கோ ஒரு பிட் மாறிப்போனால், நிரல் நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் தவறான எண்ணோடு முடிந்து, அது ஆய்வேட்டில் ஏறிவிட்டால்தான் ஆபத்து. என் கருத்தில், நாள்கணக்கில் தொடர்ந்து ஓடும் கணினிக்கு இசிசி வேண்டும். அதற்கு ஏற்ற மதர்போர்டும் செயலியும் வேண்டும் என்பதால் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். டிடிஆர்-5 பலகைகளில் இயல்பாகவே பிழை திருத்தம் இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். அது சில்லுக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியை அது காப்பதில்லை.

இவை எந்த ஊருக்கும் பொருந்துபவை. நம் மாவட்டத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. அவற்றை எந்தத் தயாரிப்பாளரின் விளக்க ஏட்டிலும் பார்க்க முடியாது.

முதலாவது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களின் பட்டியலைத் தங்கள் நாளிதழிலேயே வாசிக்கிறோம். 500 வாட் எடுக்கும் ஒரு கணினியை ஏழெட்டு மணிநேரம் யுபிஎஸ் பேட்டரியில் ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. யுபிஎஸ்ஸின் வேலை, பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கி, கணினியை முறையாக நிறுத்த இடம் கொடுப்பது மட்டுமே. ஆகவே, மணிக்கொருமுறை தன் நிலையைக் கோப்பில் எழுதிவைத்து, நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்படி நிரலை எழுத மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது பெரிய பேட்டரி வாங்குவதைவிடப் பயன் தரும். யுபிஎஸ்ஸுக்கும் கணினிக்கும் உள்ள பொருத்தமும் முக்கியம். தரமான பவர் சப்ளைகள், மின்சாரத்தைச் சீராக எடுத்துக்கொள்ளும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற அமைப்பைக் கொண்டவை. வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கும் சதுர அலை இன்வெர்ட்டரிலோ மலிவான யுபிஎஸ்ஸிலோ அவற்றை இணைத்தால், மின்சாரம் போன கணத்தில் யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடலாம். தூய சைன் அலை தரும் யுபிஎஸ்தான் வேண்டும் என்று கொட்டேஷன் கேட்கும்போதே எழுதிவிட வேண்டும். இடியும் மின்னலும் நிறைந்த சித்திரை, ஐப்பசி மாதங்களை நினைத்து எர்த்திங்கையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மின்கம்பி வழியாக மட்டுமல்ல, மாடியிலிருந்து இறங்கிவரும் நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

இரண்டாவது கடற்காற்று. கடலுக்கு அருகிலுள்ள கட்டடங்களில் சாளரத்தைத் திறந்துவைத்த அறையில் ஓடும் கணினியைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், கேபினட்டின் திருகுகள் துருவேறி, திருப்புளி பிடிக்காமல் தலை மழுங்கியிருக்கும். ராம் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அதன் விளிம்பில் உள்ள பொன்னிறப் பற்களில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரியும். கணினி அவ்வப்போது காரணமில்லாமல் நின்றுவிடுகிறது என்ற புகாரில் பலவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அந்தப் பற்களைத் துடைத்ததும் தீர்ந்துபோகும். உப்பும் ஈரமும் கலந்த தூசி கணினிக்குள் படிந்து, அதுவே மின்சாரம் கசியும் வழியாகிவிடுகிறது. காற்று உள்ளே வரும் இடங்களில் கழுவி மாட்டக்கூடிய வலையும், வெளியேற்றும் விசிறிகளைவிட உள்ளிழுக்கும் விசிறிகள் சற்றுக் கூடுதலாகவும் இருந்தால் தூசி இடுக்குகள் வழியாக நுழைவது குறையும். அறைக்குக் குளிரூட்டி இருந்தால் மிகவும் நல்லது. ஆனால் மாலை நான்கு மணிக்கு அலுவலக உதவியாளர் அதை அணைத்துவிட்டுப் போவார் என்பதையும், கணினி இரவு முழுவதும் ஓடும் என்பதையும் எண்ணிப் பார்த்தே விசிறிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 500 வாட் கணினி இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 12 யூனிட். மாதத்துக்கு 360 யூனிட் மின்கட்டணம் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்று முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது.

இத்தனை பாடு எதற்கு, தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தில் திருச்சி என்ஐடியில் 2022 முதல் 838 டெராஃபிளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) ஆற்றலுள்ள பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இயங்குகிறதே, கூகுள் போன்ற நிறுவனங்கள் செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே ஆராய வசதி தருகின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலரிப்பு மாணவருக்கு இணையவழி வசதியே சிறந்தது. தரவு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பறவை ஒலிப்பதிவு மாணவர் மாதத்துக்கு இரண்டரை டெராபைட்டைக் கல்லூரி இணைப்பு வழியாக மேலேற்றிக்கொண்டிருக்க முடியாது. வாடகைக் கணினிகளுக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். நம் ஆய்வு நிதியோ கருவி வாங்க ஒருமுறை தரப்படுவது. மீத்திறன் கணினியில் இடம் கேட்டு எழுதுவதற்கும், நிரல் சரியாக ஓடுகிறது என்று சிறிய அளவில் முதலில் காட்ட வேண்டும். அந்தச் சோதனை நடப்பது மேசையில் இருக்கும் கணினியில்தான்.

நிறுவனக் கணினியா, அசெம்பிள் செய்ததா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நிறுவனக் கணினிக்கு மூன்றாண்டு வாரண்டியும், இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் பல மாதிரிகளில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், வாரண்டி முடிந்தபின் வேறெங்கும் பாகம் கிடைக்காது. அசெம்பிள் செய்த கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பழுதான பாகம் எது என்று கண்டுபிடித்து அனுப்ப ஆள் வேண்டும். நாகர்கோவில் கடைகளில் வழக்கமான பாகங்கள் கிடைக்கின்றன. இசிசி ராமும் பணிநிலைய மதர்போர்டும் திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோதான் வரவழைக்க வேண்டியிருக்கும். கல்லூரியில் கணினியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் அசெம்பிள் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். இல்லாத கல்லூரிகள், கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக் போன்ற நிறுவனங்களின் மாணவர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்துத் தங்களோடு இணைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். கொட்டேஷன் கேட்கும் முன், அந்த ஆய்வின் உண்மையான தரவிலிருந்து ஒரு மாதிரியையும், மாணவரின் நிரலையும் எடுத்து, கையில் இருக்கும் ஏதேனும் ஒரு கணினியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது, டிஸ்க் ஓய்வின்றி நூறு விழுக்காடு வேலையில் நிற்கிறதா, ஒரே ஒரு கோர் மட்டும் உழைக்க மற்றவை சும்மா இருக்கின்றனவா என்பதை இயங்குதளத்தின் திரையே காட்டும். அதைக் கணினி அறிந்த ஓர் ஆசிரியரும் அந்த மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் எந்தப் பாகத்துக்குப் பணம் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அதே மாதிரித் தரவையும் நிரலையும் விலைப்புள்ளி கேட்கும் தாளோடு இணைத்துக் கொடுத்து, ‘வழங்கப்படும் கணினி இந்த வேலையை இத்தனை மணிநேரத்துக்குள், இடையில் நிற்காமல் தொடர்ந்து மூன்று முறை முடித்துக் காட்டிய பின்னரே முழுத்தொகையும் வழங்கப்படும்’ என்ற ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். அப்போது மதர்போர்டிலும் எஸ்எஸ்டியிலும் கைவைத்துத் தரத்தைக் குறைப்பவர் தாமே விலகிக்கொள்வார். குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும் என்ற விதியையும் மீற வேண்டியதில்லை. வேலையை முடித்துக் காட்டியவர்களுக்குள் குறைந்த விலை யாருடையது என்று பார்த்தால் போதும். ஆய்வு நிதியை மார்ச் 31ஆம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும் என்பதால் பிப்ரவரியில் அவசரமாகக் கொட்டேஷன் வாங்குவதே இப்போது நடக்கிறது. அந்த அவசரத்தில் இப்படிப்பட்ட சோதனைக்கு நேரம் கிடைக்காது. மாதிரித் தரவை எடுத்து அளந்து பார்க்கும் வேலையைக் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே முடித்து, தாளை அக்டோபரில் கொள்முதல் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கணினி ஆய்வகப் பொறுப்பாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.